“உங்க மக போகுதாங்களா டீச்சர்?”

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

நாளைக்கு 2021 ஒக்டோபர் 25, திங்கட்கிழமை. எல்லாப் பாடசாலைகளிலும் ஆரம்பப் பிரிவு தொடங்குகிறது. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளுக்குப் போன வியாழக்கிழமையே திறக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே ஆசிரியர்கள். ஹட்டனுக்குக் கிட்ட ஒரே தோட்டப் பாடசாலையில்தான் படிப்பிக்கிறோம். ஜூலை 12இல் தொடங்கிய சம்பள முரண்பாட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாளைக்குத்தான் நாங்களும் திரும்பிப் போகிறோம். போராட்டம் சரியா பிழையா என்பது வேறு பதிவு. அதை இங்கே தொடவில்லை.

இரண்டு நாளாக போன் ஓயவில்லை. எல்லாம் ஒரே கேள்விதான். “புள்ளைய அனுப்பலாங்களா டீச்சர்? பயமில்லைங்களா?”

ஜனவரியிலும் இதே கேள்வி வந்தது. அப்போது நாங்கள் சொன்ன பதிலைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2020 மார்ச் 13இலிருந்து பாடசாலை மூடுவதும் திறப்பதுமாகவே போனது. ஜூலையில் திறந்து ஒரு வாரத்தில் மூடினார்கள். ஓகஸ்டில் திறந்தார்கள். ஒக்டோபரில் மினுவாங்கொடை, பிறகு பேலியகொடை மீன் சந்தை என்று மறுபடி மூடினார்கள். மேல் மாகாணம் தவிர்ந்த இடங்களில் எல்லா வகுப்புகளுக்கும் 2021 ஜனவரி 11 என்று திகதி வந்ததும் அதிபர் எங்களைக் கூப்பிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்துப் பிள்ளைகளை வரச் சொல்லுங்கள் என்றார். எடுத்தோம். முகக்கவசம், கை கழுவ பேசின், இடைவெளி விட்டு மேசை, எல்லாவற்றையும் விளக்கினோம். “பயப்படாம அனுப்புங்க, நாங்க இருக்கம்” என்றோம்.

ஒன்லைன் படிப்பின் லட்சணம் எங்களுக்குத் தெரியும். வகுப்பில் பாதிப் பிள்ளைகள்தான் வட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். அந்தப் பாதியிலும் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். காலையில் அனுப்பிய பாடத்துக்குப் பதில் இரவு ஒன்பதரைக்கு வரும். அதுவும் லயத்துக்கு மேலே ஏறி, சிக்னல் பிடிக்கிற கல்லில் நின்று அனுப்பியது. அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாயாக இருந்த காலம். அதில் டேட்டாவுக்கு ரீலோட் போடு என்று எந்த முகத்தோடு சொல்வது? பிரின்ட் எடுத்த தாள்களைச் சந்திக் கடையில் கொடுத்து வைத்தோம். திரும்பி வந்தவற்றில் சிலது அக்காவின் கையெழுத்து. நாங்களும் தெரியாதது மாதிரி சரி போட்டுக் கொடுத்தோம்.

அதனால் திறக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளைப் பொறுத்தவரை.

ஒரு தாய். கொழுந்து எடுக்கிறவர். மகன் அப்போது நாலாம் தரம். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்டார், “உங்க மக போகுதாங்களா டீச்சர்?”

“ம்ம், போகுது” என்றோம்.

பொய். எங்கள் மகள் டவுன் பாடசாலையில் படிக்கிறாள். ஜனவரி 11 அன்று அவள் வீட்டில்தான் இருந்தாள். அடுத்த வாரமும் வீட்டில்தான். நாங்கள் இரண்டு பேரும் காலையில் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு ஊரார் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனோம். எங்கள் பிள்ளையை உம்மம்மாவோடு விட்டுவிட்டுப் போனோம்.

காரணம் இருந்தது. உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. ஆனால் வீட்டில் இரவில் மெதுவாகப் பேசிக்கொண்ட காரணம் அதுவல்ல. வாசிக்கிற முஸ்லிம் சகோதரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்ததிலிருந்து கொரோனாவில் மௌத்தானால் எரிப்பதுதான் சட்டம். அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றமும் மனுக்களை எடுக்கவில்லை. அதே மாதம் பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையை, பெற்றோர் சம்மதம் இல்லாமல், எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் ஜனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த இரவு எங்களில் யாரும் தூங்கவில்லை.

நோய்க்குப் பயந்தோம் என்றால் அது பாதி உண்மை. உம்மாவுக்கு ஏதாவது நடந்தால் குளிப்பாட்டவும் முடியாது, தொழுவிக்கவும் முடியாது, மண்ணுக்குக் கொடுக்கவும் முடியாது என்பதுதான் எங்கள் பயம். இருமல் வந்தாலும் மருந்துக்குப் போகாமல் கொத்தமல்லி குடித்துக்கொண்டு கிடந்த வீடுகள் எத்தனை! எங்கள் வீடும் அதில் ஒன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று வாப்பா சொல்வார். கட்டுகிற கயிறு எங்கே இருக்கிறது என்பதுதான் அப்போது தெரியவில்லை.

இதையெல்லாம் ஒரு தோட்டத்துத் தாயிடம் போனில் எப்படிச் சொல்வது? அவருக்கு விளங்காது என்று நாங்களாகவே முடிவெடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது வாரம் ஒரு நாள். எங்களுக்கு ஏதோ பயிற்சி, அன்றைக்கு நேரத்தோடு வீடு வந்துவிட்டோம். மகள் வாசலில் பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பகல் பதினொரு மணி இருக்கும். அந்தத் தாய் டவுனுக்கு மருந்து வாங்க வந்தவர், எங்கள் வீதியால் போனார். எங்களைக் கண்டு நின்றார். மகளைப் பார்த்தார். எங்கள் முகத்தையும் பார்த்தார். பிறகு, “பாப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்லையாங்க டீச்சர்?” என்று கேட்டார்.

நாங்கள் தேடுவதற்கு முன்னால் அவரே ஒரு சாக்கை எடுத்து எங்கள் கையில் தந்துவிட்டார். நாங்களும் தலையாட்டினோம். “பாத்துக்கங்க, பனி கூட” என்றுவிட்டுப் போனார்.

அடுத்த நாளும் அவருடைய மகன் வகுப்பில் இருந்தான். இரண்டாவது வரிசை, யன்னல் ஓரம். காற்றோட்டத்துக்கு யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை. எங்கள் பக்கம் யன்னலைத் திறந்தால் காற்று வராது, மூடுபனிதான் வகுப்புக்குள் வரும். பின்வரிசைப் பிள்ளை கரும்பலகையைத் தேடும். அவன் கைகள் இரண்டையும் கம்பளிச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு என்ன பாடம் எடுத்தோம் என்று ஞாபகமில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை மகளை அனுப்பினோம். தைரியம் வந்து அனுப்பவில்லை, வெட்கத்தில் அனுப்பினோம்.

பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி மாறியது, அல்ஹம்துலில்லாஹ். மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்களை அடக்கினார்கள். ஹட்டனிலிருந்து அது எவ்வளவு தூரம்! குடும்பத்தார் போய் ஸியாரத் செய்வதே பெரும்பாடு. என்றாலும் மண். ஏப்ரல் கடைசியில் மறுபடி பாடசாலை மூடியது. டெல்டா வந்தது. ஓகஸ்ட் 20இலிருந்து ஒக்டோபர் முதலாம் திகதி வரை நாடே மூடிக் கிடந்தது.

அந்த மாதங்களில் நாங்கள் இழந்த பிள்ளைகளைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் இன்னும் எழுதவில்லை. மேல் வகுப்புகள் இன்னும் திறக்காததால் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதும் தெரியாது. ஒன்பதாம் தரத்தில் நன்றாகக் கணக்குச் செய்கிற ஒருவன் புறக்கோட்டையில் கடையில் நிற்கிறான். “சேர், நான் இங்க சாமான் போடுறேன்” என்று வொய்ஸ் அனுப்புகிறான். குரலும் உடைந்துவிட்டது. ஒரு பிள்ளை கொழும்பில் எந்த வீட்டில் என்று தாய்க்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டயகமையிலிருந்து வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு கொழும்பு ஆஸ்பத்திரியில் உயிரை விட்டது இந்த ஜூலையில்தான். அதற்குப் பிறகுமா என்று கேட்டால், “வீட்டுல சும்மா இருக்குதுங்களே டீச்சர்” என்கிறார்கள். பாடசாலை மூடியிருந்தது. நாங்கள் என்ன பதில் சொல்வது?

அதற்காக, அனுப்பத் தயங்குகிற பெற்றோரைக் குறை சொல்லவும் எங்களால் முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பாட்டி, தாத்தா, கைக்குழந்தை எல்லாரும் ஒரே இடத்தில் படுக்கிறார்கள். பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தால் தனியாக வைக்க மூலை கிடையாது. எங்களுக்கு ஊசி போட்டாயிற்று. தாத்தாமாருக்கும் பெரும்பாலும் போட்டாயிற்று. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி இல்லை. ஆபத்தில்லை என்று நாங்கள் சொன்னால் அது ஜனவரியில் சொன்ன பொய்யின் தம்பி.

நேற்று அந்தத் தாய் எடுத்தார். மகன் இப்போது ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் பரீட்சை வரப்போகிறது. அதே கேள்வி, அதே தொனி. இந்த முறை எங்கள் மகளைப் பற்றிக் கேட்கவில்லை. நாங்கள்தான் சொன்னோம். ஜனவரியில் அவளை அனுப்பவில்லை, உங்களிடம் பொய் சொன்னோம், அவளுக்கு அன்றைக்குச் சுகவீனம் ஒன்றும் இல்லை என்று. ஏன் அனுப்பவில்லை என்பதையும் சொன்னோம். எரிப்பதைப் பற்றியும்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தோம்.

“அப்பவே சொல்லியிருக்கலாமேங்க டீச்சர். எங்கய்யாவையும் மலையிலதானே பொதைச்சிருக்கோம். அவரு கெடக்குற எடத்துக்கு மேலதான் நான் தெனம் கொழுந்து எடுக்கப் போறேன்.”

தோட்டத்தில் பலர் புதைக்கிறவர்கள்தான். பத்து வருசத்துக்கு மேலாக அதே வழியால் போய் வருகிறோம். அந்த இடுகாட்டைத் தினமும் பார்க்கிறோம். விளங்காது என்று நினைத்தது நாங்கள்.

பிறகு அவர் மகனை அனுப்புவதாகச் சொன்னார். எங்கள் மகளும் போகிறாள் என்றோம். இன்ஷா அல்லாஹ், இது உண்மை. பையில் இரண்டு முகக்கவசம் மேலதிகமாக வைத்திருக்கிறோம், தண்ணீர்ப் போத்தலில் பெயர் ஒட்டியிருக்கிறோம். பின்னேரம்தான் பார்த்தோம், சப்பாத்து போதவில்லை. ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடையும் பூட்டு. நாளைக்கு மட்டும் செருப்போடு வரலாமா என்று அவளுடைய வகுப்பாசிரியைக்கு மெசேஜ் போட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.