மழலை முகம் படமாகும்போது

குழந்தையின் முகம் ஒரு கணம்போல் மறுகணம் இருப்பதில்லை. அதனைப் படம்பிடிக்கப் பொறுமையே முதற்பாடம் என்பதை இவ்வாண்டு நாங்கள் கற்றுக்கொண்டோம்.

எங்கள் அக்காவின் மகனுக்கு ஐந்து மாதம். அத்தான் குவைத்தில் பணிபுரிகிறார். மகனை இன்னும் கையில் ஏந்தியதில்லை. வாரந்தோறும் படம் அனுப்பும் பொறுப்பைத் தங்கையர் நாங்கள் இருவரும் ஏற்றோம்.

1900-ஆம் ஆண்டில் ஒரு டாலர் விலையில் வந்த கோடாக் பிரௌனி காமிரா, படக்கலையை இல்லங்களுக்குள் கொண்டுவந்தது. பின்னாளில் 36 படங்கள் கொண்ட பிலிம் சுருளை எண்ணி எண்ணிச் செலவிட்டனர். இன்று கைப்பேசியில் அந்தக் கணக்கு இல்லை. ஒளியின் கணக்கு மட்டும் மாறவில்லை.

காலையில், வெயில் நேரே விழாத சன்னலருகே பாய் விரிப்போம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் கன்னத்தின் திரட்சி தெரியும். பின்னாலிருந்து வந்தால் முகம் கறுத்துவிடும். பிளாஷ் தேவையில்லை. பால் குடித்து, உறங்கி எழுந்த வேளையே உகந்தது. அவன் குப்புறக் கவிழ்ந்து தலை தூக்கும்போது நாங்களும் தரையில் படுத்து, அவன் கண்மட்டத்திற்கு இறங்குவோம். ஒருத்தி கிலுகிலுப்பையை ஆட்ட, மற்றவள் காத்திருப்பாள்.

சிரிப்பை மட்டுமா அனுப்புகிறோம்? கொட்டாவி, மூடிய பிஞ்சு விரல்கள், அழுகைக்குமுன் பிதுங்கும் உதடு எல்லாம் போகின்றன. அந்த உதட்டைத்தான் அத்தான் நெடுநேரம் பார்ப்பாராம். அது மறைந்த தம் தாயாரின் உதடு என்கிறார்!

தோழியரே, சென்ற வாரத்து முகம் இவ்வாரம் இல்லை. தொலைவில் இருப்பவருக்காக அதைக் காத்துவைப்பதும் அன்புப் பணியன்றோ!