லினக்ஸும் இருபது கொண்டை ஊசி வளைவும்

போன தடவை விலையை மட்டும் பார்த்து மடிக்கணினி வாங்கி ஏமாந்தேன் மக்களே. உபுண்டு ஏறுச்சு, வைஃபை வேலை செய்யலை. டிரைவர் இறக்க இணையம் வேணுமாம், இணையத்துக்கு டிரைவர் வேணுமாம்! ஒரு வருஷ சேமிப்பு மூலையில உட்கார்ந்தது.

2011-ல அரசு ஆரம்பிச்ச இலவச மடிக்கணினித் திட்டத்துல அக்கா பொண்ணுக்குக் கிடைச்சதுல, விண்டோஸோட சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அதுல வைஃபை சமர்த்தா ஓடுச்சு. (பொறாமைதான்!)

இந்தத் தடவை பையில லைவ் யூஎஸ்பி. ஏற்காட்டுலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போனேன். கடைக்காரர் முறைச்சார். "ஒண்ணும் அழியாதுண்ணே"ன்னு கெஞ்சி, ஒரு பழைய திங்க்பேடை பூட் பண்ணினேன். இன்டெல் வைஃபை, டிரைவர் கெர்னல்லயே இருக்கு. மூடித் திறந்தா தூக்கத்துலேர்ந்து எழுந்திருக்குதான்னும் பார்த்துட்டுத்தான் காசு குடுத்தேன்.

இப்ப வெளியே பனிமூட்டம், எதிர்வீடு தெரியலை. வைஃபை தெரியுது.