வீண் எச்சரிக்கைகள்

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பங்கு இளைஞர் ஒருவர், பங்கு இல்லத் திண்ணையில் மடிக்கணினியை விரித்து அலுவலக வேலையில் ஆழ்ந்திருந்தார். சிறு கருவிகளை இயக்கும் நிரல்களைச் ‘சி’ மொழியில் எழுதுவது அவர் தொழில். திரையில் எச்சரிக்கைகள் வரிசை வரிசையாக வந்து விழக் கண்டு, “தம்பி, இத்தனை பிழைகளா?” என்றோம். “பெரும்பாலும் வீண் எச்சரிக்கைகள்தாம், ஃபாதர்” என்று சிரித்தார். அச்சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

அவர் விளக்கியது இது. மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். நிரலில் ‘மாறி’ என்பது ஒரு மதிப்பை இட்டுவைக்கும் கலம் போன்றது. ‘சி’ மொழியில், ஒரு சிறு பணிக்கெனத் தற்காலிகமாக அமையும் கலம் தானாகக் கழுவப்படுவதில்லை. முன்பு அவ்விடத்தில் கிடந்த எச்சமே அதில் இருக்கும். புதிதாக ஒன்றை இடாமல் அதிலிருந்து எடுத்தால் விளைவு யாதென எவரும் உறுதி கூற இயலாது. ஆகவே கம்பைலர் காவல் நின்று, நிரப்பாத கலத்தைப் பயன்படுத்துகிறீர் என்று எச்சரிக்கிறது.

காவலாளி தவறுவது எங்கே? ‘விருந்தினர் வந்தால் கலத்தை நிரப்பு’ என்று ஓரிடத்திலும், ‘விருந்தினர் வந்திருந்தால் கலத்திலிருந்து பரிமாறு’ என்று பிறிதோரிடத்திலும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். நிரப்பாமல் பரிமாற வழியே இல்லை என்பது நமக்கு விளங்கும். கம்பைலரோ சில வேளைகளில் இவ்விரண்டையும் இணைத்துக் காணத் தவறி, உலகில் இல்லாத ஒரு பாதையைக் கற்பித்துக்கொண்டு அஞ்சுகிறது. அதனைப் பழிப்பதற்கில்லை. எல்லா நிரல்களின் போக்கையும் பிழையறத் தீர்மானிக்கும் பொதுவழி இல்லை என்பது, ஆலன் டூரிங் 1936இல் வெளியிட்ட ஆய்வின் வழிவந்த உண்மை.

புகழ்பெற்ற ‘ஜிசிசி’ கம்பைலர், 2012இல் வெளிவந்த 4.7 பதிப்பிலிருந்து இவ்வெச்சரிக்கையை இரண்டாகப் பிரித்தது. நிரப்பப்படவில்லை என்பது ஒன்று. நிரப்பப்படாதிருக்கலாம் என்பது மற்றொன்று. இதைக் கேட்டதும் நம் குருமடத்து அறநெறி வகுப்பு நினைவில் எழுந்தது. உறுதியான மனச்சான்று, ஐயுறும் மனச்சான்று என்று அங்கே நாம் பயின்ற பாகுபாடன்றோ இது!

குருமட நாட்களில் நாம் வீண் ஐயங்களால் வாடியவர். கட்டளைச் செபத்தில் ஒரு வரியைக் கவனமின்றிச் சொன்னோமோ என்று மீண்டும் மீண்டும் சொல்வோம். பாவமல்லாததைப் பாவமென நடுங்கும் இந்நோய்க்கு இலத்தீனில் வழங்கும் பெயரின் மூலப்பொருள், சிறிய கூர்ங்கல். காலணிக்குள் அகப்பட்ட கல்லைப்போல் அது அடிதோறும் உறுத்தும். 1522இல் மன்ரேசாவில் புனித இஞ்ஞாசியாரும் இதனால் பெரிதும் துன்புற்றார். நம் ஆன்ம குரு நம் ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு ஆராய்ந்து, “இத்தகையவற்றைப் பொருட்படுத்தாதீர்” என்றார். நலம் பெற்றோம்.

ஆனால், குணமான மகிழ்ச்சியில், அவர் சொல்லாத ஒன்றையும் செய்தோம். உள்ளத்தில் எழும் எச்சரிக்கை எதுவாயினும் ‘இதுவும் பழைய நோயே’ என்று அடக்கப் பழகினோம். குருவான சில ஆண்டுகளில், வீட்டுப் பங்கீட்டின்போது எம் தமையனாரை உறவினர் முன்னிலையில் கடுஞ்சொல்லால் புண்படுத்தினோம். அன்றிரவே மனச்சான்று குத்தியது. அதில் ‘இருக்கலாம்’ என்பதே இல்லை. எனினும் வழக்கம்போல் அடக்கினோம். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் மாரடைப்பால் திடீரென இறந்தார். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவர் நாமே. மன்னிப்புக் கேளாத வாயால்.

இளைஞர் கூறிய மற்றொரு செய்தி இதனாலேயே நம்மைச் சுட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலில் பல்லாண்டுகள் ஒரு தந்திரம் வழங்கியது. கலத்தில் கிடப்பதையே எடுத்து மீண்டும் அக்கலத்தில் இடுவதாக எழுதிவிட்டால், கம்பைலர் வாய்மூடும், கலமோ நிரம்பியிருக்காது. வீண் எச்சரிக்கையை அடக்க வந்த அத்தந்திரம் மெய்யான பிழைகளையும் மறைத்தது. 2020இல் அதனைக் களைந்தனர். அதே ஆண்டில், ‘இருக்கலாம்’ என்னும் வகையில் வீண் எச்சரிக்கைகள் மிகுந்ததால், லினஸ் டோர்வால்ட்ஸ் வழக்கமான தொகுப்பில் அவ்வகையை மட்டும் நிறுத்திவைத்தார். உறுதியான எச்சரிக்கையை நிறுத்தவில்லை. ஆன்ம குரு நமக்குச் சொன்னது இதுவே. நாம் செய்ததோ அந்தத் தந்திரம்.

“வீண் எச்சரிக்கை என்று தெரிந்தபின் நீர் என்ன செய்வீர்?” என்று இளைஞரைக் கேட்டோம். “முதலில் மெய்யாகவே வீணா என்று பார்ப்பேன், ஃபாதர். வெறுமனே சுழியத்தை இட்டு வாயடைக்க மாட்டேன். பின்னொரு நாள் உண்மையான மதிப்பை இட மறந்தாலும் அது சொல்லாதல்லவா? நிரப்புவதையும் எடுப்பதையும் ஒரே இடத்தில் சேர்த்து எழுதுவேன். அதற்கே வழி தெளிவாகத் தெரிந்தால் தானே அமைதியாகிவிடும்” என்றார். அவ்வாறே சில வரிகளை மாற்றிக் காட்டினார். எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒன்று மட்டும் நின்றது. அது மெய்ப்பிழை! அவர் முகம் சிவக்கத் திருத்தினார்.

அன்பர்களே, ஓயாமல் அஞ்சும் உள்ளமும் உறங்கிவிட்ட உள்ளமும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை என்பதை நம் வாழ்வில் கண்டோம். ஐயம் மிகுந்தால் அறிந்தவரிடம் அமர்ந்து ஆராய்க, ஆராயாமல் அடக்கற்க.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அண்ணியாரைத் தொலைபேசியில் அழைத்தோம். சொல்ல வேண்டியதைச் சொன்னோம். நெடுநேரம் மறுமுனையில் மௌனம். பிறகு, “அவர் இருந்தபோதே கேட்டிருக்கலாமே, சாமி” என்றார்.