சோழவரத்துப் பந்தயம்

'அமெச்சூர்' என்றால் நம் பேச்சில் கற்றுக்குட்டி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே 'அமத்தேர்' என்றால் ஒன்றை நேசிப்பவர். அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்தது சோழவரத்தில்.

எண்பதுகளில் ஒரு ஞாயிறு, சிறுவனாக இருந்த மகனோடு மேல்சித்தாமூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கார் பந்தயம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அப்பா வண்டிக்கடியில் படுத்திருக்க, பிள்ளை ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான்.

பின்னாளில் மகன், "நானும் பந்தயம் ஓட்டக் கத்துக்கட்டுமாப்பா?" என்றான். குமாஸ்தா சம்பளம், பயம் வேறு. முடியாது என்றேன்.

கோவை ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டியவர். அவர் மகன் நரேன், என் மகன் வயதுதான். 2005 மார்ச்சில் மெல்போர்னில் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த ஞாயிறு காலை டிவி முன்னால் நானும் மகனும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

போன மாதம் பேத்தியை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான். பென்ஷனிலிருந்து பெட்ரோலுக்குப் பணம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "நீங்களும் வாங்கப்பா" என்றான்.