சோழிக்குள் ஒரு பெரிய எண்

ரெண்டு நாளாக 12,372 மண்டைக்குள்ளேயே சுத்துது.

நம்ம புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழி பரப்பி, மனப்பாட வாய்பாட்டாலேயே 1825 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியிருக்கிறார். வானியலாளர் ஜான் வாரன் அதைக் ‘கால சங்கலிதம்’ நூலில் பதிந்துவைத்தார்.

கணக்கின் தொடக்கம் இப்படி: கலியுகம் தொடங்கி எத்தனை நாள் என்று எடுத்து, 16,00,984-ஐக் கழி. மிச்சத்தை 12,372-ஆல் வகு; மீதியை 3,031-ஆல்; அதன் மீதியை 248-ஆல்.

ஏன் இந்த எண்கள்? 248 நாளில் நிலா பூமிக்கு மிக அருகே ஒன்பது முறை வந்துபோகிறது. 3,031 நாளில் 110 முறை. 12,372? நாலு 3,031, கூடவே ஒரு 248. அவ்வளவுதான்!

248 நினைவில் நிற்க, எழுத்துகளால் எண்ணைக் குறிக்கும் கடபயாதி முறையில் ஒரு சொல்லும் உண்டு: ‘தேவர’. தே 8, வ 4, ர 2. பின்னாலிருந்து படித்தால் 248. நான் முதலில் தேவாரம் என்றே நினைத்துவிட்டேன் 😄