காத்திருக்கவும் கூலி வேண்டும்

லெய்டன், நெதர்லாந்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் படித்தேன். 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்', 'தேய்மானம்', 'நரம்பு வேரில் அழுத்தம்'. படிக்கிறவனுக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும் பாஷை. நடுராத்திரியில் தங்கை போன் செய்து அழுததில் நியாயம் இருக்கிறது. அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் பிடிப்பதற்கு முன்பே "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்களாம். பையனுடைய ஐ.டி. கம்பெனி பாலிசியில் உங்கள் பெயரும் இருப்பது தெரிந்ததும், அடுத்த வாரமே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அத்தையோ, "முதுகெலும்புல கத்தி வெச்சா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது" என்று சொல்லி, பூந்தமல்லிப் பக்கம் புத்தூர் கட்டு போடுகிற இடத்துக்கு உங்களை ஆட்டோவில் ஏற்றத் தயாராக நிற்கிறார். இரண்டு பேருக்கும் இடையில் நீங்கள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த இடுப்புச் சண்டையைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்த ஊரில் இருக்கிறேன். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட். வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேருடைய ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது; 60 சதவீதம் பேருக்குப் பிதுங்கியிருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. உங்கள் வயதில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களை வரிசையாக மெஷினுக்குள் அனுப்பினால் பாதிப் பேர் உங்களுடையது மாதிரி ஒரு ரிப்போர்ட்டோடுதான் வெளியே வருவார்கள். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணமா என்பதைக் காலைத் தூக்கிப் பார்த்து, கட்டைவிரலை அமுக்கிப் பார்த்து, எங்கே மரத்திருக்கிறது என்று தடவிப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும். உங்களை அப்படி யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்று தங்கையிடம் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை.

இனி இந்த ஊர்க் கதை. இங்கே லெய்டனிலும் பக்கத்து டென்ஹாகிலும் இருந்த டாக்டர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. இடுப்பிலிருந்து கால் வரை சுண்டி இழுக்கும் வலியோடு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை தவித்துக்கொண்டிருந்த 283 பேர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறு பாதிக்கு மாத்திரை, நடை, தேவையானால் பிசியோதெரபி. ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள். அவர்களில் பாதிப் பேர் சுமார் நாலு வாரத்தில் குணம். காத்திருந்தவர்களுக்கு அதே நிலை வரப் பன்னிரண்டு வாரம் ஆனது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பொறுக்க முடியாமல் பின்னால் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்.

ஆகவே ஆபரேஷன் என்பது சும்மா பயமுறுத்துவது இல்லை. அது வேகத்தை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். பிதுங்கி வெளியே வந்த ஜவ்வை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. படத்தில் பயங்கரமாகத் தெரிகிற பெரிய துண்டுதான் பல சமயம் நன்றாகக் கரைகிறது. இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் கால் வலிக்குச் சொன்னது. கால் பக்கம் போகாமல் வெறும் இடுப்பில் மட்டும் வருஷக்கணக்காக நிற்கிற வலிக்கு ஸ்க்ரூ வைத்து எலும்பைச் சேர்த்துக் கட்டுகிறார்களே, அந்த ஆபரேஷனை இங்கிலாந்தில் தீவிரமான உடற்பயிற்சி முகாமோடு ஒப்பிட்டு 2005-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆபரேஷனே மேல் என்று சொல்லத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. யாராவது உங்களிடம் ஸ்க்ரூ என்று பேச்செடுத்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளிநாட்டு ஆராய்ச்சி நம்ம ஊருக்குச் சரிப்படுமா என்று கேட்பீர்கள். நம்ம ஊரிலேயே நடந்திருக்கிறது, மாப்பிள்ளை. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இருக்கிறதே, அது முதலில் நிரூபித்ததே வீட்டில் வைத்துப் பார்க்கும் வைத்தியம் சானடோரியத்துக்குச் சளைத்தது இல்லை என்பதைத்தான். பிறகு எழுபதுகளில் முதுகெலும்பு டி.பி.யைக் கையில் எடுத்தார்கள். 304 பேர். சிலருக்கு நெஞ்சையோ வயிற்றையோ திறந்து, கெட்டுப்போன எலும்பைச் செதுக்கி எடுத்து, வேறு எலும்பு வைத்து ஒட்டுகிற பெரிய ஆபரேஷனும் ஆறு மாத மாத்திரையும். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை, ஆறு அல்லது ஒன்பது மாதம், நடமாடிக்கொண்டே இருக்கலாம். பத்து வருஷம் விடாமல் தொடர்ந்து பார்த்து 1999-இல் எழுதினார்கள். ஆபரேஷன் ஆனவர்களில் 90 சதவீதம் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆறு மாதம் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 94, ஒன்பது மாதம் சாப்பிட்டவர்களில் 99. கூன் ஏற்கெனவே அதிகமாக விழுந்திருந்த சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆறு மாத மாத்திரை போதவில்லை. யாருக்குக் கத்தி தேவைப்படலாம் என்பதும் அதில் தெரிந்துபோயிற்று.

டி.பி. வேறு, உங்கள் ஜவ்வு வேறு. இந்தக் கதையை நான் இழுத்ததற்குக் காரணம் அந்தப் பத்து வருஷம். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவர்கள் கைகழுவவில்லை. பேஷண்டைத் தேடிப் போய் விடாமல் பார்த்தார்கள். ஆபரேஷன் இல்லாத வைத்தியம் என்றால் வைத்தியமே இல்லாமல் விடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் ஒரு பெல்ட், நாலு வலி மாத்திரை, ரெண்டு நாள் 'கரண்ட் வைத்துக்கொண்டு' மூன்றாம் நாள் போகாமல் விடுவது. அப்புறம் "பிசியோதெரபி பார்த்தேன், கேட்கலை" என்பது. புத்தூர் கட்டுக்காரரை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அவர் தொட்டாவது பார்க்கிறார். ஆனால் காலுக்குப் போகும் நரம்பு அழுந்தியிருக்கும்போது இடுப்பை முறுக்கி நெட்டி எடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

படுத்தே கிடக்கவும் வேண்டாம். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இருந்த பெரியப்பாவுக்கு அந்தக் காலத்தில் கட்டாந்தரையில் பாய் போட்டுப் படுக்கச் சொன்னார்கள்; மெடிக்கல் லீவு போட்டுவிட்டு அப்படியே கிடந்தார். 1995-இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்துச் சோதித்ததில், புதிதாக இடுப்பு பிடித்தவர்களில் படுத்திருந்தவர்களைவிட முடிந்த வேலையைச் செய்துகொண்டு நடமாடியவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். இங்கே எனக்கு இடுப்பு பிடித்தபோது குடும்ப டாக்டர் ஸ்கேன் எழுதவில்லை. பாரசிட்டமால் சாப்பிடுங்கள், நடங்கள், முடிந்தால் சைக்கிள் மிதியுங்கள் என்று அனுப்பிவிட்டார். நம்ம ஊர்க்காரர்கள் இந்த நாட்டு டாக்டர்களை 'பாரசிட்டமால் டாக்டர்' என்று திட்டுவது வழக்கம். நானும் திட்டினேன்.

ஆனால் இந்தப் பொறுமைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. நெதர்லாந்தில் உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தால் முதலாளி இரண்டு வருஷம்வரை குறைந்தது 70 சதவீதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். காத்திருப்பது இங்கே கட்டுப்படியாகிறது. பிசியோதெரபி விஷயத்தில் இவர்களும் கஞ்சர்கள்தான். அடிப்படை இன்சூரன்ஸில் சாதாரண இடுப்பு வலிக்கு அது கிடையாது, தனியாகக் காசு கட்ட வேண்டும். உங்களுக்கோ ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. நாலு வாரத்தில் எழுப்பிவிடுகிறேன் என்கிற ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி லட்சக்கணக்கில் தருகிறது. பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்கிற பிசியோதெரபிஸ்டுக்கு அதே பாலிசி பெரும்பாலும் பைசா தருவதில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கவில்லையே என்பதால். அம்பத்தூரில் கத்தியா பயிற்சியா என்பதை டிஸ்க் தீர்மானிப்பதில்லை. பாலிசியும் சம்பளச் சீட்டும் தீர்மானிக்கின்றன. என் ஆத்திரமெல்லாம் இதில்தான்.

ஆனால் உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் என்று ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? ஊசி மருந்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவித்தொகையாக வருஷத்தில் 91 நாள்வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். அதே எழுபது! 91 நாள் என்றால் பதின்மூன்று வாரம். லெய்டனில் காத்திருந்தவர்கள் தேறப் பன்னிரண்டு வாரம். அதற்கும் மேலே, இரண்டு வருஷம் வேலையில் இருந்தவர்களுக்கு நீண்டகால நோய்ப் பட்டியல் ஒன்று உண்டு. டிஸ்க் விலகல் அதிலும் இருக்கிறது. அதற்கு 80 சதவீதம். கான்ட்ராக்ட் ஆளுக்கும் இது பொருந்தும், கான்ட்ராக்டர் ஒழுங்காகக் கட்டியிருந்தால். கட்டினாரா என்பதை உங்கள் இன்சூரன்ஸ் நம்பரைப் போட்டுப் பையனையே பார்க்கச் சொல்லுங்கள்.

சூப்பர்வைசரிடம் இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் பிரஸ் மெஷின் பக்கத்தில் ஒரு நாள் நின்று பார்த்திருக்கிறேன். தரையில் இருக்கும் பெட்டியிலிருந்து குனிந்து தகடை எடுக்கிறீர்கள், இடுப்பைத் திருப்பி டையில் வைக்கிறீர்கள், அடித்ததும் மறுபக்கம் திருப்பித் தரையிலிருக்கும் இன்னொரு பெட்டியில் போடுகிறீர்கள். குனிவதும் தூக்குவதும் திருப்புவதும் ஒரே மூச்சில், ஷிஃப்ட் முழுக்க. பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற ஒரு ஆங்கிள் ஸ்டாண்டு போதும். எஸ்டேட்டுக்குள் இருக்கும் எந்த வெல்டிங் பட்டறையும் ஒரு மத்தியானத்தில் செய்து கொடுத்துவிடும். ஆபரேஷனோ பயிற்சியோ, எது முடிந்து திரும்பினாலும் தரையில் அதே பெட்டி இருந்தால் வலி திரும்ப வரும்.

வீடு தேடி வருகிற பிசியோதெரபி கனவு இல்லை. 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் அது இருக்கிறது, நடமாட முடியாதவர்களுக்கு. அதை எஸ்டேட் வாசலுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று இதைப் படிக்கிற தொழிற்சங்கத்துக்காரர் யாராவது கேட்கட்டும்.

மாப்பிள்ளை, ஒன்றை மட்டும் தங்கைக்கும் படித்துக் காட்டுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவினாலோ, இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஆபரேஷன் என்றால் ஆபரேஷன்தான், மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது. ராத்திரியில் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் டி.பி. இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதெல்லாம் இல்லையென்றால் அடுத்த வாரத் தேதியை ரத்து செய்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் முதலில் மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்குங்கள்.