பூக்கட்டும் கையில் நீள நகம்

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரி மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் போனது கடைவீதிப் பூக்காரர்களைப் பார்க்க. மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் இரவு ஊஞ்சல் உற்சவம் என்பதால் முல்லையும் சாமந்தியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின.

பூக்கட்டும் தொழிலுக்குக் கருவி விரல்கள்தான். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று காம்போடு காம்பு சேர்த்து இடக்கை பிடிக்க, வலக்கை நூலைச் சுற்றிச் சுருக்கிடுகிறது. நனைத்த வாழைநாரை இழை இழையாகக் கிழிப்பதும், நீண்ட காம்பைக் கிள்ளுவதும் நகத்தின் பங்கு.

"நெகம் அரிசி அளவு இருந்தா போதும்மா. அதுக்கு மேல போனா நூல் மாட்டும், மொட்டு நசுங்கும். மொழம் போடறப்ப நெகத்தையும் சேத்து அளந்தா எனக்குத்தானே நட்டம்?" என்று சிரித்தார் மூத்த அக்கா.

பக்கத்திலிருந்த மருமகளுக்கோ நீள நகம், அரக்குச் சாயம். ஆனாலும் கை வேகத்தில் மாமியாருக்குச் சளைத்தவரில்லை. நூலை நகநுனியில் படவிடாமல் விரல் சதையாலேயே தள்ளுகிறார். "டப்பா மூடியை நெகத்தால நெம்ப மாட்டேன்க்கா, கரண்டிக் காம்பு இருக்குல்ல? பாத்திரம் தேய்க்க ரப்பர் உறை. ராத்திரி தேங்காய் எண்ணெய். அவ்ளோதான்."

அந்தச் சில வார்த்தைகளில் விஷயம் முழுக்க இருக்கிறது. நகம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன அடுக்கு. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நாளெல்லாம் இப்படி நடந்தால் அடுக்குகள் பிரிந்து நுனி பிளக்கும். பூவுக்கு ஓயாமல் தண்ணீர் தெளிப்பவர்களுக்கு எண்ணெய் பூசுவது அழகுக்கு மட்டுமல்ல. அரத்தால் தேய்ப்பதென்றால் நகம் காய்ந்திருக்கும்போது, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். விரல்நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியோடு பெயர்ந்தால் முழுதாக முளைக்க ஆறு மாதம் ஆகும்.

அரளி கட்டிய பிறகு நகக்கண்ணைச் சோப்புப் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிய பின்தான் மருமகள் டீ டம்ளரைத் தொட்டார். அரளிப்பால் விஷம், நீள நகத்தின் அடியில் தங்கினால் வாய்க்குப் போகும். துளசி விஷயத்தில் மாமியார் கண்டிப்பு: நகம் படக் கிள்ளக்கூடாது. சிங்கவரம் ரங்கநாதருக்குப் போகும் மாலையாயிற்றே! விரல் சதையாலேயே வேலை செய்து பழகிய மருமகளுக்கு அது சிரமமாகவே இல்லை.

வீணைக் கலைஞர்கள் தந்தியை மீட்ட ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகம் வளர்ப்பதுண்டு; அங்கே நீளத்தை நாதம் தீர்மானிக்கிறது. புனேயைச் சேர்ந்த ஸ்ரீதர் சில்லால் 1952 முதல் இடக்கை நகங்களை வெட்டாமல் வளர்த்தார். 2018-இல் நியூயார்க்கில் வெட்டியபோது ஐந்தும் சேர்ந்து 909.6 செ.மீ. உலகசாதனைதான், ஆனால் அந்தக் கையின் விரல்களை மடக்கி நீட்ட முடியாமல் போயிற்று. கை தன் வேலையைச் செய்ய முடிகிற வரைக்கும்தான் நீளம் அழகு.

பூக்கட்டுகிறவர்களுக்குக் கட்டிய அளவுக்குத்தான் கூலி. ஒரு விரல் வீங்கினால் அன்றைய வரும்படி போச்சு. ஈரத்தில் ஊறிய நகக்கண்ணில் சிறு கீறல் விழுந்தாலே நகச்சுத்தி வரும். நகத்தையொட்டிய தோலை வெட்டாதீர்கள், பிய்க்காதீர்கள். சிவந்து வலித்தால் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நாள் கடத்தாமல், சீழ் கோக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.